முள்ளங்கியை மூடுபயிராக விதைத்தவர்கள் இருக்கிறீர்களா? இறுகிப்போன செம்மண்ணுக்கு வழி தேடுகிறேன்

ராயக்கோட்டைச் செம்மண் · 9 ஆகஸ்ட்

அனைவருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டம் ராயக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்களுக்கு இரண்டே கால் ஏக்கர் நிலம். தக்காளி, கேழ்வரகு, நடுவில் ஒரு கொத்தமல்லி என்று மாற்றி மாற்றிப் பயிர் வைக்கிறோம். அப்பா காலத்தில் மாட்டு ஏர். பதினைந்து ஆண்டுகளாக டிராக்டரும் ரோட்டவேட்டரும்தான். மேல்மண்ணைக் கையில் அள்ளினால் மாவு போல உதிர்கிறது. அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்பதைப் போன வாரம்தான் பார்த்தேன்.

நல்ல மழை பெய்த மறுநாள், அரை அங்குலக் கம்பி ஒன்றின் முனையைக் கூராக்கி எடுத்துக்கொண்டு போய் வயலில் இருபது இடங்களில் அழுத்தினேன். ஏழெட்டு அங்குலம் வரை தடையில்லாமல் இறங்கியது. அதன் பிறகு என் உடம்பின் எடை முழுவதையும் போட்டும் நகரவில்லை. பதினேழு இடங்களில் இப்படித்தான். முடிந்துபோன தக்காளிச் செடி ஒன்றைச் சுற்றித் தோண்டி வேரைப் பார்த்தேன். எட்டு அங்குலம் நேராக இறங்கிய ஆணிவேர், அங்கே முழங்கையைப் போல மடங்கிப் பக்கவாட்டில் ஓடியிருந்தது. மழைநீர் இரண்டு நாள் வயலில் நிற்பதற்கும், நான்கு நாள் வெயிலுக்கே செடி வாடுவதற்கும் காரணம் அப்போதுதான் புரிந்தது.

உளிக்கலப்பை ஓட்டலாம் என்கிறார்கள். வெளிநாட்டில் நீள வெள்ளை முள்ளங்கியை விதைத்து, பிடுங்காமல் மண்ணிலேயே மக்கவிட்டு, இந்த அடி இறுக்கத்தைத் துளைக்கிறார்கள், இப்படி மண்ணுக்காகவே போடுவதை மூடுபயிர் என்கிறார்கள் என்றும் கேள்விப்படுகிறேன். முள்ளங்கி எங்கள் பகுதிக்குப் புதிய பயிர் இல்லை, ஓசூர் வரைக்கும் எல்லோரும் போடுவதுதான். ஆனால் பிடுங்காமல் விட்டவரை நான் பார்த்ததில்லை. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். வீட்டுக்குக் கொஞ்சம் எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டே மிச்சத்தை மண்ணுக்கு விடலாமா?


மண்வளம் தர்மபுரி · 9 ஆகஸ்ட்

தம்பி, கம்பியை வைத்துப் பார்த்தது நல்ல வேலை. பெரும்பாலானவர்கள் மேல்மண்ணை மட்டும் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு உரக்கணக்கோடு நின்றுவிடுகிறார்கள். நான் வேளாண் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன்.

முதலில் உளிக்கலப்பை. அரை மீட்டர் இடைவெளியில், 40 செ.மீ. ஆழத்தில், முதலில் ஒரு திசையிலும் பிறகு அதற்குக் குறுக்காகவும் ஓட்ட வேண்டும் என்பது நம் வேளாண் பல்கலைக்கழகத்தின் நெடுநாளைய பரிந்துரை. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை போதும். மண் காய்ந்திருக்கும்போது ஓட்டினால்தான் இறுகிய அடுக்கு உடையும். ஈரத்தில் ஓட்டினால் கத்தி போன பாதையில் ஒரு கோடு மட்டும் விழும்.

முள்ளங்கி இதற்கு நேர்மாறானது. அதன் வேர் ஈரத்தில்தான் துளைக்கும். மண்ணின் எதிர்ப்பு 300 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 300 பவுண்டு அழுத்தம்) அளவைத் தாண்டினால் பெரும்பாலான பயிர்களின் வேர் நின்றுவிடும். அதே மண்ணில் ஈரம் ஏறினால் எதிர்ப்பு குறையும். அந்த இடைவெளியில் மெல்லிய ஆணிவேர் நுழைந்துவிடுகிறது. இங்கே பலரும் தவறாக நினைத்துக்கொள்ளும் ஒரு விஷயம் உண்டு. நாம் சமைக்கிற அந்தத் தடித்த பகுதி இறுகிய அடுக்கைத் துளைப்பதில்லை. அதன் நுனியில் எலிவால் போலத் தொங்குகிறதே, பிடுங்கும்போது அறுந்து மண்ணில் தங்கிவிடுகிறதே, அதுதான் துளைக்கிறது. அது ஒரு மீட்டருக்குக் கீழேயும் போகும். தடித்த பகுதி மேலே உள்ள ஒரு அடி மண்ணைத் திறந்துவிடுகிறது, நுனிவேர் கீழே வழி போடுகிறது. இரண்டும் அழுகிய பிறகு அடுத்த பயிரின் வேர் அந்த வழியில் இறங்கும்.

மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் ரே வைல் என்ற மண்ணியல் பேராசிரியர் இதில் பல ஆண்டுகள் வேலை செய்திருக்கிறார். அவரும் அவருடைய மாணவரும் 2010-ல் வெளியிட்ட ஆய்வில் முள்ளங்கி, ரேப் என்ற கடுகினம், ரை தானியம் மூன்றையும் இறுகிய மண்ணில் ஒப்பிட்டார்கள். இறுக்கம் கூடக் கூட ரையின் வேர் பின்தங்கியது, முள்ளங்கிதான் அதிகமாக இறங்கியது.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில்: உங்கள் பக்கம் ஆவணி, புரட்டாசி மழை உண்டு. அந்த ஈரத்தோடு விதையுங்கள். ஈரம் வற்றிய பிறகு விதைத்தால் கிழங்கு கீழே போக முடியாமல் தோளைத் தரைக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்கும்.


ஒட்டன்சத்திரம் காய்கறி · 10 ஆகஸ்ட்

மன்னிக்க வேண்டும், எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. மண்ணில் அழுகவிடுவதற்கு ஒருவர் முள்ளங்கி விதைப்பதா? விதைக்கு, உழவுக்கு, தண்ணீருக்கு, களையெடுப்புக்குக் காசு போகிறது. மூட்டை கட்டி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோனால்தான் கூலியாவது திரும்பும். பசுந்தாள் உரம் வேண்டுமென்றால் தக்கைப்பூண்டும் சணப்பும் காலங்காலமாக இருக்கின்றன. அவை காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கும். முள்ளங்கி எதைக் கொடுக்கும்? மண்ணில் இருப்பதைத்தான் உறிஞ்சும்.

வெளிநாட்டில் நூற்றுக்கணக்கான ஏக்கரில் மக்காச்சோளம் போடுகிறவருக்கு ஆகிற கணக்கு இரண்டு ஏக்கர்க்காரருக்கு ஆகாது.


மேரிலாந்து வீட்டுத்தோட்டம் · 10 ஆகஸ்ட்

ஒட்டன்சத்திரம் ஐயா சொல்வதில் பாதி சரி, முள்ளங்கி காற்றிலிருந்து எதையும் பிடிப்பதில்லை. ஆனால் "மண்ணில் இருப்பதைத்தான் உறிஞ்சும்" என்பதே இங்கே அதன் பெருமை. நான் வாஷிங்டனுக்கு வடக்கே, மேரிலாந்தில் இருக்கிறேன். கோடையில் மக்காச்சோளத்துக்குப் போட்ட உரத்தில் மிஞ்சியது குளிர்கால மழையில் கரைந்து சீசபீக் விரிகுடாவுக்குப் போகிறது. அங்கே பாசி பெருகி, நீரில் பிராணவாயு குறைந்து, நண்டும் சிப்பியும் பாதிக்கப்படுகின்றன. அதைத் தடுக்க மூடுபயிர் போடும் விவசாயிக்கு மாநில அரசே பணம் கொடுக்கிறது. ஆகஸ்ட் கடைசியில் விதைத்த முள்ளங்கி, பனி விழுவதற்குள் இலையும் கிழங்குமாகச் சேர்த்து எக்டருக்கு 100 கிலோவுக்கு மேலும் தழைச்சத்தைத் தன்னுள் இழுத்து வைத்துக்கொள்கிறது. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவில் லாங்காஸ்டர் பகுதியைச் சேர்ந்த ஸ்டீவ் கிராஃப் என்ற விவசாயி, ரே வைலோடு சேர்ந்து வேலை செய்து, 'டில்லேஜ் ராடிஷ்' என்ற பெயரில் விதையையே தனியாகத் தேர்ந்தெடுத்து விற்பனைக்குக் கொண்டுவந்தார்.

என் தோட்டம் முப்பதுக்கு இருபது அடி. வீடு கட்டியபோது மேல்மண்ணை வழித்துவிட்டு, களிமண்ணின் மேல் பெரிய வண்டிகளை ஓட்டி, கடைசியில் நான்கு அங்குல மண்ணைத் தூவிப் புல் போட்டுப் போயிருந்தார்கள். முதல் ஆண்டு கத்தரிக்காய் முழங்கால் உயரம் கூட வரவில்லை. மூன்று ஆண்டுகளாக ஆகஸ்ட் கடைசி வாரத்தில் முள்ளங்கி தூவுகிறேன். நவம்பரில் இலை முழங்காலைத் தொடும். வெள்ளைத் தோள் மூன்று நான்கு அங்குலம் வெளியே தெரியும். டிசம்பர், ஜனவரியில் இரவு வெப்பம் மைனஸ் 4 முதல் மைனஸ் 7 டிகிரி வரை சில நாள் தொடர்ந்து இறங்கியதும் செத்துவிடும். மார்ச்சில் போய்ப் பார்த்தால் வெள்ளைத் தோல் ஒரு காலி உறை போலக் கிடக்கும். அதை எடுத்தால் உள்ளே கை நுழைகிற அளவுக்குக் குழி இருக்கும். அந்தக் குழிகளுக்கு நடுவே மண்ணைக் கிளறாமலே பசலையும் பட்டாணியும் விதைக்கிறேன். களையே இருப்பதில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பனி உருகி முதல் வெயில் அடிக்கிற நாட்களில் அழுகிய முட்டை நாற்றம் வரும். எரிவாயு கசிகிறதோ என்று பக்கத்து வீட்டுப் பெண்மணி பயந்து வந்து கதவைத் தட்டினார். இரண்டு வாரத்தில் போய்விடும்.


ராயக்கோட்டைச் செம்மண் · 11 ஆகஸ்ட்

மேரிலாந்து அண்ணா, இங்கே மைனஸ் 4 டிகிரிக்கு எங்கே போவது? பனி கொல்லாவிட்டால் இங்கே அதை எது கொல்லும்?


கேத்தி மலைத்தோட்டம் · 11 ஆகஸ்ட்

நீலகிரியிலேயே அது சாவதில்லை, ராயக்கோட்டையில் எப்படிச் சாகும்! எங்கள் கேத்திப் பள்ளத்தாக்கில் மார்கழி, தையில் உறைபனி விழும். விடிகாலையில் இலையெல்லாம் உப்புத் தூவியது போல வெளுத்திருக்கும், பத்து மணிக்குக் கருகித் தொங்கும். ஆனால் எங்கள் குளிர் பூஜ்ஜியத்தைத் தொட்டுச் சற்றுக் கீழே போய்த் திரும்பிவிடுகிறது. கிழங்கு அப்படியே இருக்கும். ஒரு வாரத்தில் நடுக்குருத்து புதிதாக வரும். ஆகவே அமெரிக்காவில் பனி செய்கிற வேலையை இங்கே நாம்தான் கையால் செய்ய வேண்டும்.

செய்வது எளிது. இலையை மட்டும் அரிந்தால் மறுபடி தழைக்கும். இலைக்கொத்து கிழங்கில் சேருகிற கழுத்து இருக்கிறதே, அதற்கு ஒரு விரல் கீழே களைக்கொத்தாலோ மண்வெட்டியாலோ சீவிவிடுங்கள். வளரும் குருத்து அந்தக் கழுத்தில்தான் இருக்கிறது. அது போனால் கிழங்கு அழுகத் தொடங்கிவிடும். சீவிய இலையை அங்கேயே கவிழ்த்துப் போடுங்கள்.

இதைவிட முக்கியமாக ஒன்று சொல்ல வேண்டும், தயவுசெய்து எல்லோரும் கவனியுங்கள். முள்ளங்கியும் முட்டைக்கோசும் காலிஃபிளவரும் கடுகும் ஒரே குடும்பம். எங்கள் மலையில் கோசுக்குக் 'கிளப் ரூட்' என்று ஒரு வேர் வீக்க நோய் வருகிறது. வேர் இஞ்சி போலப் பருத்து முடிச்சு முடிச்சாகிவிடும், செடி நடுப்பகலில் தலை தொங்கும். புளிப்பான மண்ணில் அது கொண்டாட்டமாகப் பெருகும், ஒருமுறை வந்தால் பத்தாண்டுக்கு மேலும் மண்ணைவிட்டுப் போகாது. நான் உழைப்பு மிச்சம் என்று எண்ணி கோசுக்கு முன்னால் முள்ளங்கியும் முள்ளங்கிக்குப் பின்னால் கோசுமாக மூன்று போகம் எடுத்தேன். நான்காவது போகத்தில், சரிவில் வெட்டிய படிகளில் மேல்படியிலிருந்த கோசு முழுவதையும் பிடுங்கி எரித்தேன். இப்போது அந்தப் படியில் டோலமைட் போட்டு, உருளை, கேரட், பீன்ஸ் மட்டுமே வைக்கிறேன். ராயக்கோட்டைத் தம்பிக்குத் தக்காளியும் கேழ்வரகும் என்பதால் பயமில்லை. கோசு போடுகிறவர்கள் முள்ளங்கியை மூடுபயிராக நினைக்கவே வேண்டாம்.


உயிர்மண் திண்டிவனம் · 12 ஆகஸ்ட்

நண்பர்கள் இதை வெளிநாட்டுச் சரக்காகவே பார்க்கிறீர்கள். நம் இயற்கை விவசாயிகள் செய்கிற பலதானிய விதைப்பில் கடுகு இருக்கிறது. கம்பு, சோளம், உளுந்து, தட்டைப்பயறு, எள், ஆமணக்கு, வெந்தயம், கடுகு, சணப்பு, தக்கைப்பூண்டு என்று கலந்து தூவி, ஐம்பது நாள் வாக்கில் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுகிறோம். தானியம், பயறு, எண்ணெய்வித்து, மணப்பயிர், தழையுரம் என ஐந்து இனமும் சேர வேண்டும் என்பது கணக்கு. அந்தக் கடுகின் இடத்தில் அதன் தாயாதியான முள்ளங்கியைச் சேர்த்தால் போதும், புதிதாக ஒன்றும் கற்க வேண்டியதில்லை.

ஜப்பானின் இயற்கை விவசாயி மசனோபு ஃபுகுவோகா ஷிகோகு தீவில் தன் ஆரஞ்சுத் தோட்டத்தின் இறுகிய சரிவுகளைத் திருத்த முதலில் மரத்துண்டுகளைச் சுமந்து கொண்டுபோய்ப் புதைத்துப் பார்த்தார். உழைப்புக்கு ஏற்ற பலன் இல்லை என்று அதை விட்டார். பிறகு வேர்களிடமே அந்த வேலையை ஒப்படைத்தார். மரங்களுக்கு நடுவே வெள்ளைக் குளோவர் என்ற பயறினப் பூண்டும், புல்லோடு புல்லாக முள்ளங்கி முதலிய காய்கறிகளும் தானாக விதை விழுந்து முளைத்தன.


மண்வளம் தர்மபுரி · 12 ஆகஸ்ட்

திண்டிவனம் நண்பர் சொன்ன கலப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. வேருக்குப் பாஸ்பரஸ் கொண்டுவந்து கொடுக்கும் வேம் பூஞ்சை கடுகுக் குடும்பத்தின் வேரில் ஒட்டி வாழாது. முள்ளங்கியை மட்டுமே போட்டால் அந்தப் பூஞ்சைக்கு ஒரு பருவம் பட்டினி. கம்பும் பயறும் கலந்திருந்தால் அது உயிரோடு இருக்கும். மேலும் முள்ளங்கித் தழை மிக வேகமாக மக்கும். மூன்று வாரத்தில் தரை வெறுமையாகிவிடும். கம்புத்தட்டை இருந்தால் நிழல் நிற்கும்.

அளவு: தனியாக என்றால் ஏக்கருக்கு 4 கிலோ. கலப்பில் ஒன்றரைக் கிலோவைத் தாண்ட வேண்டாம், முள்ளங்கி இலை படர்ந்து மற்றதை அமுக்கிவிடும். நெருக்கமாக விதைத்தால் விரல் பருமன் வேர்தான் கிடைக்கும்.

ரகம்: வெப்பம் இருக்கும்போது விதைத்தால் பூசா சேத்கி. 40–45 நாளில் கிழங்கு வரும், சூட்டைத் தாங்கும். ஐப்பசிக்குப் பிறகென்றால் ஜப்பானீஸ் ஒயிட். சாயம் பூசிய, மருந்து கலந்த விதையை வாங்கினால் இளங்கீரையாகப் பறித்துச் சாப்பிடாதீர்கள்.


சிபாவிலிருந்து · 13 ஆகஸ்ட்

சாப்பாட்டைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே! நான் ஜப்பானில் சிபா மாநிலத்தில் பதினோரு ஆண்டுகளாக இருக்கிறேன். இங்கே முள்ளங்கிக்கு டைகோன் என்று பெயர், 'பெரிய வேர்' என்றே பொருள். இந்த நாட்டில் அது அதிகமாக விளைகிற மாநிலங்களில் எங்களுடையதும் ஒன்று. நகராட்சி வாடகைக்கு விடுகிற சிறிய நிலத்துண்டில் நானும் போடுகிறேன்.

பக்கத்துத் துண்டு எண்பது வயதுப் பாட்டியுடையது. ஒரு கிழங்கை அவர் மூன்றாக வெட்டுவார். இலைப் பக்கத்து மேல்துண்டு இனிப்பு, அதைப் பச்சையாகத் துருவுவார். நடுத்துண்டு குழம்புக்கு. நுனித்துண்டில் காரம் ஏறியிருக்கும், அது ஊறுகாய்க்கு அல்லது சூப்புக்கு. நடுத்துண்டை இரண்டு விரல் கனத்துக்கு வட்டமாக நறுக்கி, விளிம்பைச் சுற்றிலும் கத்தியால் மழித்து, அரிசி களைந்த நீரில் முதலில் வேகவைப்பார். கசப்பும் வாடையும் அந்த நீரோடு போய்விடும். எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஏனென்றால் என் அம்மாவும் முள்ளங்கியை அரிசி களைந்த தண்ணீரில்தான் வேகவைப்பார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை.

மிஞ்சியதை வீணாக்காமல் வைக்க இரண்டு வழி. ஒன்று, குளிர்காற்றில் முழுக் கிழங்கைக் கட்டித் தொங்கவிட்டு, வளைத்தால் ஒடியாமல் வளைகிற பதம் வந்ததும் தவிட்டிலும் உப்பிலும் புதைப்பது. அதுதான் தாக்குவான். இன்னொன்று, கீற்றுக் கீற்றாகச் சீவிப் பாயில் உலர்த்துவது, கிரிபோஷி என்பார்கள். நம் வற்றல்தான்! உலர்ந்ததை ஊறவைத்தால் பச்சைக் கிழங்கைவிட இனிப்பாக இருக்கும். நம் ஊர் வெயிலுக்கு இரண்டு மூன்று நாள் போதும். மோரும் உப்பும் சேர்த்துக் காயவைத்து வற்றல் குழம்பில் போட்டுப் பாருங்கள்.

கீரையை யாரும் எறியாதீர்கள். கிழங்கைவிட இலையில்தான் சுண்ணாம்புச்சத்தும் வைட்டமின் சி-யும் அதிகம். இலையின் முள் உறுத்தும் என்பவர்கள் இளசாகப் பறித்து, பொடியாக அரிந்து, பாசிப்பருப்போடு தேங்காய் போட்டுப் பொரியல் செய்யலாம். உங்கள் மூடுபயிரில் கலைத்துவிடும்போது பிடுங்கும் நாற்று அத்தனையும் கீரைதான், அண்ணா.


நுவரெலியா · 14 ஆகஸ்ட்

இலங்கையில் நாங்கள் முள்ளங்கியை ராபு என்றும் சொல்வோம். கரட், லீக்ஸ், கோவா (முட்டைக்கோசு), உருளைக்கிழங்கு எல்லாம் சரிவு நிலத்தில்தான் செய்கிறோம். பிடுங்குவதா விடுவதா என்ற கேள்விக்கு எங்கள் பக்கத்து அனுபவம் ஒன்று. மழைக்காலத்தில் சரிவில் ராபைப் பிடுங்கினால் ஒவ்வொரு கிழங்கோடும் ஒரு பிடி மண் இளகுகிறது. அடுத்த மழையில் அது கீழ் வாய்க்காலில் கிடக்கும். அதனால் நான் பிடுங்குவதைச் சரிவுக்குக் குறுக்கே ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையாகச் செய்கிறேன். விட்ட வரிசை அணை மாதிரி நிற்கும்.


ஒட்டன்சத்திரம் காய்கறி · 14 ஆகஸ்ட்

நுவரெலியா நண்பர் சொன்ன ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. அப்படியென்றால் பாதி மார்க்கெட்டுக்குப் போகும், பாதி மண்ணுக்கு. விலை இறங்கிப் பறிகூலி கூடக் கட்டாத நாளில் முழு வயலையும் டிராக்டரால் மடக்கி ஓட்டியவன் நான். அன்றைக்கு மனம் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதைக் கழுத்தைச் சீவிவிட்டு, ஓட்டாமல் அப்படியே விட்டிருந்தால் அடுத்த பயிருக்கு ஒரு பிரயோசனமாவது இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. ஆனாலும் கண்ணால் பார்க்காமல் நம்பமாட்டேன். ராயக்கோட்டைத் தம்பி விதைத்தால் எண்ணிக்கையோடு வந்து சொல்லட்டும்.


கறவை மாடு ஊத்தங்கரை · 15 ஆகஸ்ட்

கழித்த கிழங்கையும் தழையையும் மாட்டுக்குப் போடலாமா?


மண்வளம் தர்மபுரி · 15 ஆகஸ்ட்

போடலாம், வைக்கோலோடு கலந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கி. வெறும் வயிற்றில் முள்ளங்கித் தழையை மட்டும் கூடை கூடையாகப் போட்டால் வயிறு உப்பும். பால் கறந்த பிறகு போடுங்கள், கறப்பதற்கு முன்னால் போட்டால் பாலில் வாடை ஏறும். கிழங்கை நறுக்கித்தான் போட வேண்டும், முழுசாக விழுங்கினால் தொண்டையில் அடைக்கும்.


ராயக்கோட்டைச் செம்மண் · 6 செப்டம்பர்

விதைத்துவிட்டேன். எல்லோருடைய பேச்சையும் கேட்டு அரை ஏக்கர் மட்டும். முப்பது சென்ட்டில் பூசா சேத்கி தனியாக, பாரின் (உயர்த்திக் கட்டிய மண்வரப்பின்) இரு பக்கமும் ஊன்றியது. மீதி இருபது சென்ட்டில் கம்பு, தட்டைப்பயறு, சணப்பு, முள்ளங்கி கலந்து தூவியது. நான்கு நாளில் முளைத்தது. ஐந்தாம் நாள் காலையில் விதையிலைகளில் குண்டூசி குத்தியது போலத் துளை. கையை நீட்டினால் கறுப்புக் கடுகு போல வண்டு துள்ளுகிறது. சாம்பல் தூவியிருக்கிறேன். கலப்பு விதைத்த பக்கம் துளை குறைவாகத் தெரிகிறது.


கேத்தி மலைத்தோட்டம் · 6 செப்டம்பர்

அது தெள்ளுவண்டு. நான்காவது இலை வந்துவிட்டால் செடி தாங்கிக்கொள்ளும், மருந்துக்கு ஓடாதீர்கள். காலைப் பனி காயும் முன் சாம்பலைத் தூவுங்கள். எங்களுக்கு வண்டைவிடக் காட்டெருமைதான் பெரிய கவலை, ஒரே இரவில் ஒரு படியை மேய்ந்துவிடும்.


ராயக்கோட்டைச் செம்மண் · 2 நவம்பர்

விவரம் தருகிறேன்.

ஐம்பத்தோராம் நாளிலிருந்து ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை பிடுங்கினோம். பார் பக்கத்துக் கிழங்கு நேராக, முக்கால் அடி நீளம். உள்ளூர்ச் சந்தையில் விற்றோம், விலை சுமார்தான். விதைக்கும் ஆள் கூலிக்கும் சரியாகிவிட்டது. பார் தாழ்ந்திருந்த வடக்கு மூலையில் பத்தில் மூன்று கவட்டைக் கால் விட்டிருந்தது. அங்கே தோள் நான்கு அங்குலம் தரைக்கு மேலே. தர்மபுரி ஐயா சொன்னது அப்படியே நடந்தது. மழை தவறிய புரட்டாசி மூன்றாம் வாரத்தில் அந்த மூலைக்கு நான் தண்ணீர் பாய்ச்சவில்லை.

பிடுங்காமல் விட்ட ஒரு கிழங்கைச் சுற்றிக் குழி தோண்டிப் பார்த்தேன், அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஒன்பதாவது அங்குலத்தில் தடித்த கிழங்கு சட்டென்று மெலிகிறது. அங்கேதான் இறுகிய அடுக்கு. செங்கல் போல, உளி வைத்துப் பெயர்க்க வேண்டியிருந்தது. பெயர்த்த கட்டி ஒன்றைப் பிளந்தேன். அதன் நடுவே துடைப்பக் குச்சி கனத்தில் வெள்ளை வேர் ஒன்று நேராகப் போயிருந்தது, பக்கங்களில் மயிரிழை போலச் சல்லி வேர். வேரைச் சுற்றி மண் ஈரமாக, நிறம் கறுத்திருந்தது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் அந்தக் கட்டியைக் கையில் வாங்கி நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வீட்டுத் திண்ணையில் கொண்டுபோய் வைத்துவிட்டார், இன்னும் அங்கேதான் இருக்கிறது.

வீட்டில் கீரைப் பொரியலும் சாம்பாரும் தினமும். அம்மா சிபா சகோதரி சொன்னபடி மோர் வற்றல் போட்டிருக்கிறார். அடுத்த வாரம் மிச்ச வரிசைகளின் கழுத்தைச் சீவப் போகிறேன்.


சிபாவிலிருந்து · 3 நவம்பர்

அந்தக் கட்டியின் படத்தை இந்த இழையில் போடுங்கள் அண்ணா. வற்றலைக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள், ஈரம் பட்டால் பூசணம் பிடிக்கும்.


மண்வளம் தர்மபுரி · 3 நவம்பர்

ஒரு பத்துச் செடியைச் சீவாமல் விதைக்கு விடுங்கள் தம்பி. பூசா சேத்கி நம் சமவெளியிலேயே பூத்து விதை பிடிக்கும். பூ வந்தால் தேனீ மொய்க்கும், பிஞ்சுக் காயைப் பறித்துப் பொரியலும் செய்யலாம். அயல் மகரந்தம் ஏறும் பயிர், பக்கத்தில் வேறு ரக முள்ளங்கி பூத்தால் கலந்துவிடும் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். காய் தானாக வெடிக்காது. நன்றாகக் காயவைத்துத் தடியால் அடித்துத்தான் விதை எடுக்க வேண்டும். கழுத்தைச் சீவிய மூன்றாம் வாரத்திலேயே தக்காளி நாற்றை நட்டுவிடுங்கள், காத்திருந்தால் மக்கி வெளிவரும் தழைச்சத்து மழையோடு போய்விடும்.


ராயக்கோட்டைச் செம்மண் · 28 ஜனவரி

ஒட்டன்சத்திரம் ஐயா எண்ணிக்கை கேட்டிருந்தார். நவம்பர் கடைசியில், உழாமல், அழுகிய வரிசைகளின் மேலேயே தக்காளி நட்டேன். சீவிய பத்தாம் நாள் மாலையில் நாற்றம் வீட்டுவரை வந்தது உண்மை, பதினைந்தாம் நாள் இல்லை. நேற்றுத் தண்ணீர் பாய்ச்சி, இன்று காலை அதே கம்பியை எடுத்துக்கொண்டு போனேன்.

கிழங்கு இருந்த குழிகளில் இருபது இடம்: பதினாறில் கம்பி பதினான்கு அங்குலத்துக்குக் கீழே போனது. நான்கில் பத்து அங்குலத்தில் நின்றது, அந்த நான்கும் வடக்கு மூலை. வரிசைக்கு நடுவே இருபது இடம்: பதினைந்தில் இன்னும் அதே எட்டு அங்குலம்தான். வரிசைக்கு நடுவே ஒன்றும் மாறவில்லை. பிடுங்கி விற்ற வரிசைகளில் கம்பி பன்னிரண்டு வரை போகிறது, ஆனால் குழியின் சுவர் சரிந்து மூடியிருக்கிறது. கலப்பு விதைத்த இருபது சென்ட்டில் எண்ணிக்கை கலவையாக இருக்கிறது, ஆனால் அங்கேதான் மண்புழுக் குருணை அதிகம்.

தக்காளியைப் பொறுத்தவரை, பொங்கலுக்குப் பிறகு ஆறு நாள் மோட்டார் பழுது. முள்ளங்கி இல்லாத பக்கத்து வயல் மூன்றாம் நாள் மதியமே வாடியது. இந்த வரிசைகள் ஐந்தாம் நாள்தான் இலையைச் சுருட்டின. காய் எடை இனிமேல்தான் தெரியும்.

அடுத்த ஆவணிக்கு அரை அடி தள்ளிப் பார் பிடிக்கப் போகிறேன், இந்த முறை நடுவில் இறுகி நிற்கிற இடத்தின் மேலேயே விதை விழும்படி. வடக்கு மூலைக்கு மட்டும் சித்திரைக் காய்ச்சலில் உளிக்கலப்பை. விதைக்கு விட்ட பத்துச் செடியில் ஆறு நிற்கிறது, காய் இன்னும் பச்சை.